நாடியும் நாமும்

இரவும் பகலும் ஓயாது உழைக்கும் உறுப்பு இருதயம். நிமிடத்துக்கு எழுபது துடிப்பு என்று கணக்கிட்டாலும் நாளொன்றுக்கு ஓர் இலட்சத்தைத் தாண்டும். இத்துணைப் பெரிய உழைப்பாளியை, அது ஒழுங்காக உழைக்கும் காலமெல்லாம் எவரும் நினைப்பதில்லை. உப்புக் குறைந்தபோதுதான் கறியிலே உப்பு என்று ஒன்று உண்டு என்னும் நினைவு வருகிறது. அதுபோலத் தாளம் தவறும்போதுதான் நெஞ்சுக்குள் ஒன்று துடித்துக்கொண்டிருந்தது என்னும் நினைவும் வருகிறது.

எமது பழைய வைத்தியர்கள் இதனை அறிந்திருந்தனர். நோயாளியின் மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்து நாடி பார்த்த பின்னரே மற்றக் கேள்விகளைத் தொடங்குவர். நாடியின் நடையை அன்னத்துக்கும் ஆமைக்கும் தவளைக்கும் ஒப்பிட்டுப் பேசியவர்களும் அவர்களே. விரல் நுனியால் அவர்கள் உணர்ந்ததை இன்று கடதாசியிலே கோடாகக் கீறிக் காட்டுகிறது ஈ.சி.ஜி. என்னும் கருவி. அதற்கு வழிகண்ட ஒல்லாந்து அறிஞர் வில்லெம் ஐந்தோவன், 1924ஆம் ஆண்டு நோபெல் பரிசு பெற்றார்.

தாளம் தவறிய இருதயத்துடன் வாழ்வது எப்படி, அதற்குரிய சிகிச்சையைத் தேர்ந்துகொள்வது எப்படி என்பதை எமக்கு நேர்ந்ததைக் கொண்டு இங்கே எடுத்துரைக்க விரும்புகின்றோம். வைத்தியம் சொல்லும் தகுதி எமக்கு இல்லை. நோயாளி என்னும் தகுதி மட்டும் உண்டு.

உப்பளமும் இருதயமும்

நாம் பாலாவிவாசி. கொழும்பிலிருந்து புத்தளம் செல்லும் பெருந்தெருவிலே, கற்பிட்டிக்குப் பாதை பிரியும் சந்தியே எமது ஊர். ஒரு பக்கம் களப்பு. அதன் ஓரத்தில் உப்பளங்கள். மற்றப் பக்கம் தென்னந்தோட்டங்கள். பல்லாண்டு காலம் உப்பளத்திலே கணக்கெழுதி ஓய்வு பெற்றவர் நாம். ஆகையால் இருதயத்தின் அமைப்பை வைத்தியர் விளக்கியபோது எமக்கு உப்பளமே கண்முன் வந்து நின்றது.

களப்பு நீரை எவரும் நேரே உப்பு விளையும் பாத்தியிலே பாய்ச்சுவதில்லை. முதலில் ஒரு தேக்கத்தில் நிறுத்துவர். வெயிலிலே வற்றித் திண்மை ஏறிய பின்னரே மடை திறந்து அடுத்த பாத்திக்கு விடுவர். மடையிலே காவல் இல்லையானால் பாத்தியெல்லாம் வெள்ளக்காடாகும், உப்பு விளையாது. இருதயத்திலும் இதே ஒழுங்குதான். மேலே இரண்டு அறைகள், கீழே இரண்டு அறைகள். வலப்புற மேலறையின் உச்சியிலே ஒரு சிறு கணு இருந்து மின்சைகையை எழுப்புகிறது. அச்சைகை மேலறைகளிற் பரவி, நடுவிலுள்ள இன்னொரு கணுவை அடைந்து, அங்கே ஒரு கணம் தாமதித்து, பின்னர் கீழறைகளுக்கு இறங்குகிறது. அந்த நடுக்கணுவே இருதயத்தின் மடை. மடையிலுள்ள கணுவை 1906ஆம் ஆண்டு ஜப்பானியரான சுனாவோ தவாரா விளக்கினார். சைகை எழுப்பும் கணுவை அடுத்த ஆண்டே ஆங்கில நாட்டிலே ஆர்தர் கீத், மார்ட்டின் பிளாக் ஆகிய இருவரும் கண்டறிந்தனர்.

இவ்வொழுங்கு இருவிதமாகக் கெடலாம். வேண்டாத சைகைகள் எழுந்து இருதயத்தை ஓட்டோட்டமாக ஓட்டுவது ஒன்று. வேண்டிய சைகை எழாமலோ, எழுந்தது கீழே இறங்காமலோ இருதயம் தளர்ந்து நிற்பது மற்றொன்று. முன்னதை மிகுதி என்றும் பின்னதைக் குறை என்றும் சொல்லலாம். அப்லேஷன் என்பது மிகுதிக்கு மருந்து. பேஸ்மேக்கர் என்பது குறைக்கு மருந்து. இந்த ஒன்றை விளங்கிக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

எமக்கு வாய்த்ததோ இரண்டும் கலந்த நோய். மேலறைகளில் முந்நூறுக்கும் மேற்பட்ட ஒழுங்கற்ற சைகைகள் நிமிடந்தோறும் எழுந்து, மேலறை துடிப்பதற்குப் பதிலாக நடுங்கிக்கொண்டிருக்கும். இதற்கு ஏட்ரியல் பிப்ரிலேஷன் என்று பெயர். வயதும் இரத்த அழுத்தமும் இதற்கு முக்கிய காரணங்கள். உப்பிலே வாழ்ந்த எமக்கு உப்பைக் குறைக்குமாறு வைத்தியர் கட்டளையிட்டபோது எம் இல்லாள் சிரித்துவிட்டார். நடுக்கம் தானாகவே நின்றுவிடுவதும் உண்டு. நின்ற அக்கணத்திலே, ஒழுங்கான சைகையை எழுப்ப வேண்டிய கணு உடனே விழித்துக்கொள்ளாமல் உறங்கிவிடும். அந்த உறக்கம் சில விநாடிகள் நீண்டால் மூளைக்கு இரத்தம் போதாது மயக்கம் வரும். ஒருநாள் சந்தியில் பஸ்ஸுக்குக் காத்து நின்றபோது எமக்கு நேர்ந்தது அதுவே. நெஞ்சு படபடத்தது, படபடப்பு சட்டென்று நின்றது, அடுத்து நாம் அறிந்தது, எவரோ எம் முகத்திலே தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தனர்.

வைத்தியசாலைக்குச் சென்றபோது ஈ.சி.ஜி. ஒழுங்காகவே இருந்தது. இதில் வியப்பில்லை. சில விநாடிகளே பதிவாகும் கோடு, வந்து போன கள்வனை எப்படிக் காட்டும்? பின்னர், ஒருநாள் முழுதும் உடலிலே கட்டிவைக்கும் ஹோல்ட்டர் என்னும் சிறு பெட்டியைக் கொண்டே உண்மை வெளிப்பட்டது. நிமிடத்துக்கு நூற்றைம்பது வரை ஓட்டம். ஓட்டம் முடிந்ததும் ஐந்து விநாடி மௌனம். ஐந்து விநாடி என்பது சொல்லுக்குச் சிறிது. எண்ணிப் பார்ப்பவருக்கு அது எவ்வளவு நீளம் என்பது தெரியும்.

இரண்டு கருவிகளின் கதை

2022ஆம் ஆண்டிலே நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்சாரம் தடைப்பட்ட நாட்களை இந்நாட்டவர் மறந்திருக்க மாட்டார்கள். நுரைச்சோலை மின்நிலையத்தை அயலிலே வைத்துக்கொண்டு நாமும் இருளில் இருந்தோம். அத்தகைய ஓர் இருளிலிருந்தே கையடக்கமான பேஸ்மேக்கர் பிறந்தது என்றால் நம்புவீர்களா?

1957ஆம் ஆண்டு ஒக்டோபர் 31ஆம் நாள் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரிலே மின்சாரம் நின்றுபோயிற்று. அக்காலத்துப் பேஸ்மேக்கர்கள் சுவரிலுள்ள மின்இணைப்பை நம்பியிருந்தவை. பற்றரியில் இயங்கும் கருவி ஒன்று வேண்டுமென்று அறுவை வைத்தியர் லில்லஹாய், ஏள் பாக்கென் என்னும் மின்னியலாளரிடம் கேட்டார். பாக்கென் பழைய சஞ்சிகை ஒன்றைப் புரட்டி, சங்கீத மாணவர் தாளம் பழகும் கருவிக்கென்று அதிலே வெளிவந்த மின்சுற்றை எடுத்து, சில வாரங்களில் அக்கருவியை அமைத்துக் கொடுத்தார். சங்கீதத்துக்குத் தாளம் போட்ட சுற்று இருதயத்துக்கும் தாளம் போட்டது. சஞ்சிகை படிப்பது வீண் என்று பிள்ளைகளைக் கடிந்துகொள்ளும் பெற்றோர் இதனைக் கவனிப்பாராக.

அடுத்த ஆண்டு, 1958 ஒக்டோபர் 8ஆம் நாள், சுவீடன் நாட்டிலே ஆர்னே லார்சன் என்பவரின் உடலுக்குள்ளேயே பேஸ்மேக்கர் வைக்கப்பட்டது. அவருக்கு வயது நாற்பத்துமூன்று. நாளுக்குப் பல தடவை இருதயம் நின்று மயங்கிக்கொண்டிருந்தவர். அவருடைய மனைவி விடாது வற்புறுத்தியதனாலேயே வைத்தியர் ஓகே செனிங்கும் பொறியியலாளர் ரூனே எல்ம்குவிஸ்ட்டும் அதற்கு முன் எவருக்கும் செய்யாத அவ்வேலையில் இறங்கினர். சப்பாத்து மை டப்பாவை அச்சாகக் கொண்டு வார்த்த கருவி அது. சில மணி நேரமே இயங்கிப் பழுதாயிற்று. மாற்றுக் கருவி வைத்தனர். அதன் பின் வாழ்நாள் முழுவதும் இருபதுக்கும் மேற்பட்ட கருவிகளை மாற்றி மாற்றி அணிந்து, தம்மைக் காத்த இருவரும் மறைந்த பின்னரும் இருந்து, 2001ஆம் ஆண்டு எண்பத்தாறாவது வயதில் வேறொரு நோயால் லார்சன் காலமானார். கல்கத்தாவில் ஏழைகளுக்குத் தொண்டாற்றிய அன்னை தெரேசாவுக்கும் 1989ஆம் ஆண்டு பேஸ்மேக்கர் வைக்கப்பட்டது. அதன் பின் எட்டாண்டுகள் அவர் வாழ்ந்து பணி செய்தார்.

அப்லேஷனின் கதை வேறு. தொடை மடிப்பிலுள்ள இரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழலொன்றை இருதயத்துக்குள் செலுத்தி, தவறான சைகை எழும் இடத்தையோ அது ஓடும் வழியையோ வெப்பத்தால் அல்லது குளிரால் செயலிழக்கச் செய்வதே அப்லேஷன். அண்மைக் காலத்தில் மின்துடிப்பினாலும் செய்கின்றனர். மனிதரிலே இம்முறையை 1982ஆம் ஆண்டு அமெரிக்க வைத்தியர் மெல்வின் ஷைன்மன் வெளியிட்டார். மேலறை நடுக்கத்தைத் தூண்டும் சைகைகள் பெரும்பாலும் நுரையீரலிலிருந்து இரத்தம் கொண்டுவரும் குழாய்களின் வாயிலிலே பிறக்கின்றன என்பதை 1998ஆம் ஆண்டு பிரான்சு நாட்டு வைத்தியர் ஹைசகேரும் அவருடைய குழுவினரும் நிறுவினர். அன்று முதல் அவ்வாயில்களைச் சுற்றி வேலி போடுவதே இந்நோய்க்குரிய அப்லேஷனாயிற்று.

துலாக்கோலின் இரு தட்டுகள்

கொழும்பிலே நிபுணர் எம் முன் வழிகளை வைத்தார். பேஸ்மேக்கர் வைத்தால் இருதயம் உறங்கும்போது அது தட்டி எழுப்பும், மயக்கம் தீரும். ஆனால் ஓட்டத்தை அது நிறுத்தாது. ஓட்டத்தைக் கட்டுப்படுத்த மாத்திரை தொடரவேண்டும். அந்த மாத்திரையைப் பேஸ்மேக்கர் இன்றி எமக்குத் தரவும் இயலாது. ஓட்டத்தை அடக்கும் மருந்து உறக்கத்தை நீட்டிவிடும். மாறாக அப்லேஷன் செய்து நடுக்கம் வராமற் செய்துவிட்டால், நடுக்கத்தின் முடிவிலே வரும் மௌனமும் வராமற் போகலாம். பேஸ்மேக்கரே வேண்டாமல் ஆகலாம். மூன்றாவது வழியும் ஒன்று உண்டு. பேஸ்மேக்கரை வைத்துவிட்டு மடையையே அடைத்துவிடுவது. அதன் பின் அவ்விருதயம் ஆயுள் முழுவதும் கருவியையே நம்பியிருக்கவேண்டும். மற்ற வழிகள் பயன்படாதவர்க்கே பெரும்பாலும் அது உரியது.

அப்லேஷனுக்கு ஆசைப்படாதவர் யார்? வேரையே களைவது போன்ற சிகிச்சையன்றோ? ஆயினும் அதன் பலன் நோய்க்கு நோய் வேறுபடும். பிறவியிலேயே அமைந்த உபரிப் பாதை ஒன்றினால் வரும் ஓட்டங்களுக்கு நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டோர் குணமடைகின்றனர். இளைஞர்க்கு இது பெருவரம். மேலறை நடுக்கத்துக்கோ வெற்றி அவ்வளவு உறுதியன்று. மேலறை விரிந்து நோய் முதிர்ந்தவர்க்கு மேலும் குறையும். இரண்டாம் முறை செய்ய நேரலாம். இரத்தக் கசிவு, இருதய உறையிலே இரத்தம் சேர்தல், பக்கவாதம் முதலிய இடர்கள் அரியவையெனினும் இல்லாதவை அல்ல. முதல் மூன்று மாதங்களிலே துடிப்பு மீண்டும் பிறழ்வதும் உண்டு. அதனைத் தோல்வி என்று கொள்வதில்லை.

பத்து நாடுகளில் 2,204 நோயாளிகளைக் கொண்டு நடத்திய கபானா என்னும் ஆய்வு 2019ஆம் ஆண்டு வெளிவந்தது. மேலறை நடுக்கத்துக்கு அப்லேஷன் பெறும் பிரிவில் சேர்க்கப்பட்டோர்க்கும் மருந்து பெறும் பிரிவில் சேர்க்கப்பட்டோர்க்கும் இடையே மரணம், பெரும் பக்கவாதம், கடும் இரத்தக் கசிவு, இருதயம் நிற்றல் ஆகியவற்றை ஒருசேர எண்ணிப் பார்த்ததில் தெளிவான வேறுபாடு காணப்படவில்லை. ஆனால் அப்லேஷன் பிரிவினர் அன்றாட வாழ்க்கையில் கூடிய சுகம் கண்டனர். இருதயம் பலவீனமுற்றவர்களிடையே நடந்த வேறோர் ஆய்வு, 2018ஆம் ஆண்டு, அப்லேஷனால் மரணமும் குறைந்ததாகக் காட்டியது. இவற்றிலிருந்து நாம் கற்றது ஒன்று. ‘எது சிறந்தது?’ என்று கேட்பது முழுக் கேள்வியன்று. ‘எதற்காக?’ என்பதையும் சேர்த்துக் கேட்கவேண்டும். உயிர் காக்கவா, மயக்கம் தீர்க்கவா, படபடப்பின்றி நித்திரை கொள்ளவா?

திருவள்ளுவர் மருந்துக்கென்று ஓர் அதிகாரம் வகுத்தார். அதன் இறுதிக் குறளிலே வைத்தியம் நான்கு பகுதிகளால் ஆனதென்று கூறுகிறார்: நோயாளி, வைத்தியர், மருந்து, பக்கத்திலிருந்து துணைபுரிபவர். நால்வருள் நோயாளியை முதலில் வைத்தது எமக்கு ஆழ்ந்த பொருளுடையதாகத் தோன்றியது. இருதயத்தை வைத்தியர் அறிவார். ஆனால் அந்த இருதயத்தைச் சுமந்துகொண்டு வாழும் வாழ்க்கையை நோயாளியே அறிவான். இரண்டறிவும் ஒரே மேசையில் அமர்ந்தால்தான் முடிவு நேராகும்.

ஆகவே எமது வாழ்க்கையைத் துலாக்கோலில் ஏற்றினோம். கொழும்பு எமக்கு ஏறத்தாழ 130 கிலோமீற்றர் தூரம். அரசாங்க வைத்தியசாலையிலே சிகிச்சைக்குக் கட்டணம் இல்லையாயினும், பயணத்துக்கும் உடன்வருவோர் தங்குவதற்கும் செலவு உண்டு. ‘ஒரு தரம் போனால் முடியுமா, பல தரம் போகவேண்டுமா?’ என்று இல்லாள் கேட்டது வீண் கேள்வியன்று. உப்பள வரப்பிலே காலையில் நடப்பது எமக்கு வழக்கம். தனியே நடக்கையில் மயங்கி வாய்க்காலில் விழுந்தால் கேட்பார் யார்?

நாற்கூற்றில் நான்காம் கூற்றாகிய துணையோ எமக்குப் பேத்தியின் உருவில் வந்தது. உயர்தர வகுப்பிலே உயிரியல் படிப்பவள். அடுத்த தடவை நிபுணரைக் காணச் சென்றபோது கொப்பியிலே கேள்விகளை எழுதிக்கொண்டு வந்தாள். ‘அம்மப்பாவின் இருதயம் வேகமாக ஓடாத நேரத்திலும் மெதுவாகத்தான் துடிக்கிறதா, டொக்டர்?’ என்பது அவற்றுள் ஒன்று. நிபுணர் அவளை ஒருமுறை பார்த்துவிட்டு, ஹோல்ட்டர்ப் பதிவைப் புரட்டிக் காட்டினார். நடுக்கம் ஏதுமற்ற பகல் நேரத்திலும், நாம் விழித்து நடமாடும்போதே, துடிப்பு நாற்பதுக்குக் கீழே இறங்கியிருந்தது. ‘ஐயாவின் முடிவு இந்தத் தாளிலேயே இருக்கிறது’ என்றார். நடுக்கத்தின் பின்பு மட்டும் கணு உறங்கியிருந்தால் அப்லேஷனை முதலிற் செய்து பார்க்கலாம். கணுவே தளர்ந்திருப்பதால் பேஸ்மேக்கர்தான் முதலில் வேண்டும். அப்லேஷனுக்கு உரிய வாயில் அதனால் அடைபடாது, பின்னர் வேண்டுமானால் செய்யலாம் என்று விளக்கினார். நாம் சம்மதித்தோம்.

கருவியுடன் வாழ்தல்

தோள் எலும்பின் கீழே தோலுக்கடியில், தீப்பெட்டியிலும் சிறியதாக அது இருக்கிறது. மரப்பு ஊசி போட்டுச் செய்யும் சிறு அறுவைதான். சில வாரங்கள் அப்பக்கத்துக் கையைத் தோளுக்கு மேல் உயர்த்தலாகாது. பற்றரி பெரும்பாலும் எட்டு முதல் பன்னிரண்டு ஆண்டுகள் வரை செல்லும். வீட்டு மின்சாதனங்களால் தீங்கில்லை. கைத்தொலைபேசியை அப்பக்கத்துச் சட்டைப் பையில் வைக்கலாகாது. இரும்பு ஒட்டுத்தொழில் செய்வோரும், வலிய காந்தங்களுக்கு அருகே வேலை செய்வோரும் வைத்தியரைக் கேட்டே செய்யவேண்டும். எம்.ஆர்.ஐ. பரிசோதனைக்கு முன் கருவியின் அட்டையைக் காட்டவேண்டும்.

‘இயந்திரம் வைத்தால் கடைசி நேரத்தில் உயிர் பிரியாமல் அவதிப்பட நேருமாமே?’ என்று உறவினர் ஒருவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். அவ்வாறில்லை. கருவி சைகை மட்டுமே கொடுக்கும். தசை ஓய்ந்தபின் சைகையால் ஆவது ஒன்றுமில்லை. அதுபோலவே வெளிப்படையாகச் சொல்லவேண்டியது இன்னொன்று: தகனம் செய்யும் வழக்கமுள்ள குடும்பத்தார் அதற்கு முன் கருவியை அகற்றச் சொல்லவேண்டும்; தீயிலே பற்றரி வெடிக்கக்கூடும். இதனை எம் பிள்ளைகளுக்கு நாமே சொல்லி வைத்தோம். முதலில் முகம் சுளித்தார்கள், பின்பு கேட்டுக்கொண்டார்கள்.

மயக்கம் எமக்கு மீண்டும் வரவில்லை. படபடப்போ மாதம் ஓரிரு தடவை வந்துபோகிறது. அதனால்தான் இரத்தம் உறையாதிருக்க மாத்திரை தொடர்கிறது. மேலறை நடுக்கத்திலே தேங்கும் இரத்தம் கட்டியாகி மூளைக்குச் சென்றால் பக்கவாதம். அந்த அபாயம் மற்றவரிலும் இந்நோயாளிக்கு ஏறத்தாழ ஐந்து மடங்கு. பேஸ்மேக்கர் இந்த அபாயத்தைக் குறைப்பதில்லை. அப்லேஷன் செய்தவரும் தாமாக மாத்திரையை விடலாகாது. வயது, இரத்த அழுத்தம், நீரிழிவு முதலியவற்றைக் கொண்டு வைத்தியரே அதனைத் தீர்மானிப்பார். வார்பரின் அருந்துவோர் ஒழுங்காக இரத்தப் பரிசோதனை செய்யவேண்டும். முருங்கை இலை, வல்லாரை முதலிய கீரைகளை அடியோடு விடவேண்டியதில்லை. ஒரு வாரம் மிகுதியும் ஒரு வாரம் இன்மையுமாக இல்லாமல் ஒரே அளவாக உண்டால் போதும்.

இக்கட்டுரையைப் படிக்கும் மாணவர்களை நாம் வேண்டுவது ஒன்றே. இன்று மாலை உங்கள் வீட்டு முதியவரின் அருகே அமருங்கள். பெருவிரலின் கீழே, மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்து, கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் எண்ணுங்கள். துடிப்பு ஒரே சீராக வருகிறதா, முன்பின்னாக வருகிறதா என்று கவனியுங்கள். ஒழுங்கற்று வந்தாலும், மிக விரைந்தோ மிகத் தளர்ந்தோ வந்தாலும் வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். மயக்கமோ, மூச்சுத் திணறலோ, நெஞ்சு நோவோ உடன் இருந்தால் தாமதிக்க வேண்டாம். வைத்தியரிடம் போகும்போது ஒரு கொப்பியும் எடுத்துச் செல்லுங்கள். பெரியவர்கள் கேட்கத் தயங்கும் கேள்விகளை அதிலே எழுதிக்கொள்ளுங்கள். நாடி பார்க்கக் கருவி வேண்டியதில்லை, காசும் வேண்டியதில்லை. பக்கத்தில் அமர்வதற்கு ஒரு நிமிடம் இருந்தாற் போதும்.